முதலில் கையெழுத்து, பிறகு சட்டம்

முத்துமேடையில் சட்டம் போடும் முறை கொஞ்சம் தலைகீழ். முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், சட்டத்தைப் பிறகு எழுதுவார்கள். கரையிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் பதினோரு வருடத்தில் ஒரு சட்டம்கூடத் திரும்பி வந்ததில்லை என்று அமலோற்பவம் அம்மாள் சொன்னதும் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அவர் சொல்லும் தோரணை அப்படி.

ஐம்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த கழுத்து. முத்துமேடை மன்றத்தின் எழுத்தர் அவர். எழுத்தர் என்றால் ஏதோ மூலையில் கோப்பு கட்டிக்கொண்டிருப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மேடையில் தண்ணீர்க் குழாய் எப்போது திறக்கும், கிரேன் எதைத் தூக்கும், எந்தப் படகு எப்போது கிளம்பும் என்பதெல்லாம் அவர் எழுதிய வாக்கியங்கள்தான்.

கடல் ஏறி வந்து தூத்துக்குடிக்குத் தெற்கே பல கடலோர ஊர்களை விழுங்கிய பிறகு, கரையில் அடுக்குமாடி வீடு தருகிறோம் என்று அரசு கூப்பிட்டது. பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு மீன்காரன் என்ன செய்வான் என்று கேட்டு ஒரு கூட்டம் மறுத்துவிட்டது. அவர்களுக்காகக் கட்டியதுதான் முத்துமேடை. கரையிலிருந்து ஒன்பது மைலில், ஏழு பெரிய தளங்களாக மிதக்கிறது. தளத்துக்கும் தளத்துக்கும் நடைபாலம். ஓட்டுரிமை உள்ளவர்கள் ஆயிரத்து நானூறு பேர். அவ்வளவு தூரத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் தாசில்தாரும் வைத்துக் கட்டுபடியாகாது என்று, உங்கள் சட்டத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சட்டங்களை நிறைவேற்ற ஓர் இயந்திரத்தையும் கொடுத்தார்கள். அதற்கு நீளமாக ஏதோ பெயர் இருந்தது. மேடைக்காரர்கள் மணியம் என்று கூப்பிட்டார்கள்.

மணியம் லஞ்சம் வாங்காது. சொந்தக்காரன் என்று பார்க்காது. நாளைக்கு வா என்று சொல்லாது. சட்டம் முத்திரை பெற்ற அந்த நொடியே படகு என்ஜினிலிருந்து பாலத்தின் கதவு வரை எல்லாம் அதற்குக் கீழ்ப்படியும். யாரும் போய் யாரையும் கெஞ்ச முடியாது. இதில் மேடைக்காரர்களுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

குரலையும் முகத்தையும் எந்த இயந்திரமும் போலி செய்துவிடும் காலம் அது. அதனால் மணியம் நம்பியது ஒன்றை மட்டும்தான்: காகிதத்தில் மனிதக் கை போடும் மைக் கையெழுத்து. அதற்கென்று ஒரே ஒரு பேனா. பிடிக்கும் கையின் அழுத்தத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். ஒரு பக்கத்தில் முந்நூறு கையெழுத்து இருந்து, அதே பேனாவால் சட்ட வாசகத்தை எழுதி, எழுத்தர் பெருவிரலால் முத்திரை வைத்தால் அது சட்டம். அதை மாற்ற வேண்டுமானால் இன்னொரு பக்கம், இன்னொரு முந்நூறு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வலைக்கூடத்தில் கூடுவார்கள். கூடிய கையோடு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், வருகைப் பதிவு மாதிரி. பிறகு ஒரு மணி நேரம் கத்துவார்கள். ஒருவர் கிழக்கே இழுப்பார், ஒருவர் மேற்கே இழுப்பார். வெயில் ஏறியதும், நீங்க எழுதிருங்கக்கா என்று சொல்லிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அந்தக் கூச்சல் முழுவதையும் அமலோற்பவம் தலையில் வாங்கிக்கொண்டு போய், வியாழக்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே வாக்கியமாக எழுதுவார். சும்மா சொல்லக் கூடாது, அருமையாக எழுதுவார். ஒரு சொல்லை எடுத்தால் கட்டடமே சரிந்துவிடும் போலிருக்கும்.

இந்தக் கலையை அவருக்கு அறிமுகப்படுத்தியது ஓர் ஆங்கிலச் சொல். மேடை மிதக்கத் தொடங்கிய முதல் மாதம், கரையிலிருந்து ஓர் அம்மையார் வந்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். பலகையில் பெரிதாக 'லெஜிஸ்லேட்' என்று எழுதி, சட்டம் இயற்றுவது என்று பொருள் சொன்னார். யார் வேண்டுமானாலும் கட்டளை போடலாம், ஆனால் லெஜிஸ்லேட் செய்யக் கூடிப் பேசும் அவை வேண்டும் என்றார். அப்புறம் இன்னொரு வழக்கையும் சொன்னார். ஒரு விஷயத்துக்காக லெஜிஸ்லேட் செய்வது என்றால், அது நடப்பதற்கு முன்பே யோசித்து அதற்கும் சட்டத்தில் இடம் ஒதுக்கி வைப்பது. இங்கிலீஷ்காரர்கள் இதைப் பெரும்பாலும் கையை விரிக்கத்தான் பயன்படுத்துவார்களாம். எல்லாவற்றுக்கும் லெஜிஸ்லேட் செய்ய யாராலும் முடியாது என்பார்களாம்.

மேடைக்காரர்களுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதை 'லெசிலேட்டு' ஆக்கிக்கொண்டார்கள். சீட்டாட்டத்தில் எவனாவது புது விதி சொன்னால், இவன் லெசிலேட்டு பண்ணுதான் பாரு என்பார்கள். வீட்டுல வந்து லெசிலேட்டு பண்ணாதிய என்று பெண்கள் புருஷன்மாரை அடக்குவார்கள். அமலோற்பவம் மட்டும் இரண்டு பொருளையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். 'யாராலும் முடியாது' என்பதற்குக் கீழே, 'முயன்றால் முடியும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

அவர் எழுதியதிலேயே பெரிய பெயர் வாங்கியது காற்றுச் சட்டம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில், போகாதே என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் சூறைக்காற்றில் போன நான்கு பேர் திரும்பவில்லை. அடுத்த ஞாயிறு வலைக்கூடமே அழுதது. காற்று அடித்தால் ஒருத்தனும் போகக் கூடாது என்று கத்தினார்கள். அமலோற்பவம் எழுதினார்: 'காற்று மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டினால், மேடையிலிருந்து எந்தப் படகும் கிளம்பாது, நடைபாலங்கள் மடிந்துகொள்ளும்.' அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு சாவுகூட இல்லை. கரையிலிருந்து அதிகாரிகள் வந்து அந்த வாக்கியத்தைப் படம்பிடித்துக்கொண்டு போனார்கள். அமலோற்பவம் அன்றைக்குப் புதுச் சேலை கட்டியிருந்தார்.

இந்தக் கார்த்திகையில், ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, வானம் வடக்கே கறுத்து ஒரே வீச்சில் காற்று இறங்கியது. படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நடைபாலங்கள் மடிந்தன. முதல் தளத்தில் இருந்த மன்ற அலுவலகத்தின் ஜன்னலை அமலோற்பவம் இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தபோது ஞானப்பூ உள்ளே ஓடி வந்தாள்.

ஞானப்பூ மீட்புப் படகின் ஓட்டுநர். முப்பத்தைந்து வயது. சாதாரணமாக அலட்டிக்கொள்ளாத பெண். இப்போது தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். ஒரு படகு இன்னும் திரும்பவில்லை என்றாள். என்ஜின் நின்றுபோய், நங்கூரம் பிடிக்காமல், முங்கிக் கிடக்கும் பழைய துறைமுகச் சுவரைப் பார்த்து இழுபட்டுக்கொண்டிருக்கிறதாம். மூன்று பேர். இன்னும் நாற்பது நிமிடத்தில் சுவரில் மோதும். இந்தக் காற்றில் கரையிலிருந்து ஹெலிகாப்டர் எழும்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இவளுடைய மீட்புப் படகோ ஸ்டார்ட் ஆகவில்லை.

"யாரு படகு?" என்று அமலோற்பவம் கேட்டார்.

ஞானப்பூ தரையைப் பார்த்தாள். "சூசை அண்ணன் படகுக்கா. கூட ரூபனும் எமிலும்."

சூசை அமலோற்பவத்தின் கூடப்பிறந்த தம்பி. தாய் இறந்த பிறகு அவர் இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தவன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்து, மீட்புப் படகு ஏன் கிளம்பவில்லை என்று கேட்டார்.

"காற்று மணிக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். காற்றுச் சட்டப்படி எந்தப் படகும் கிளம்பாது," என்றது மணியம்.

"அது மீட்புப் படகு."

"அதுவும் படகு."

"மூணு பேரு சாகப்போறாவ."

"அதற்குச் சட்டத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை."

மணியத்திடம் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எப்படி எழுதினாரோ அப்படி நடந்துகொண்டது. பதினோரு வருடமாக அவர் ஊருக்கெல்லாம் பெருமையடித்துக்கொண்ட குணம் அதுதான்.

சட்டத்தை மாற்ற முந்நூறு கையெழுத்து வேண்டும். மணியடித்தால் ஊரே ஓடி வரும், ஆனால் பாலங்கள் மடிந்து கிடக்கின்றன. முதல் தளத்தில் மொத்தமே எண்பது பேர். அதற்குள் ஞானப்பூவின் கண் மேசை மேலிருந்த தீர்மானப் புத்தகத்தின் மேல் விழுந்தது. போன ஞாயிறு குழாய் நேரம் மாற்றுவதைப் பற்றிக் கத்துவதற்கு முன் போட்ட கையெழுத்து, முந்நூற்றுப் பன்னிரண்டு. நாளைக்கு வியாழக்கிழமை எழுத வேண்டியது. இன்றைக்குப் பக்கம் வெறுமையாகத்தான் கிடந்தது.

"அதுல எழுதுங்கக்கா," என்றாள்.

அமலோற்பவம் புத்தகத்தைத் திறந்தார். பேனாவை எடுத்தார். எழுதவில்லை. அந்தக் கையெழுத்துகள் குழாய்த் தண்ணீருக்காகப் போட்டவை. பதினோரு வருடத்தில் ஊர் பேசியதைச் சுருக்கியிருக்கிறார், சீவியிருக்கிறார், ஆனால் ஊர் பேசாத ஒன்றை எழுதியதில்லை. முதல்முதலாக எழுதப்போவது சொந்தத் தம்பிக்காக. கரையில் அந்தக் காலத்தில் அதிகாரிகள் செய்ததும் இதுதானே? அதைத்தானே காறித் துப்பிவிட்டு இங்கே வந்தோம்?

இதையெல்லாம் அவர் அரைகுறையாகச் சொல்ல, ஞானப்பூ பொறுமை இழந்தாள். சட்டம் போட்ட அன்றைக்கே, மீட்புப் படகுக்கும் சேர்த்தா என்று வலைக்கூடத்தில் எழுந்து நின்று கேட்டதாகவும், கூச்சலில் யார் காதிலும் விழவில்லை என்றும் சொன்னாள். ஊர் பேசாத விஷயம் இல்லை இது, நான் பேசியிருக்கிறேன் என்றாள்.

அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தார். இதை அவர் இரண்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

"எனக்குக் கேட்டுச்சு பூவு."

"என்னது?"

"நீ கேட்டது என் காதுல நல்லா விழுந்துச்சு. வேணும்னுதான் விட்டேன். ஒரு விலக்குக் குடுத்தா நாளைக்கு ஒம்பது பேரு விலக்குக் கேப்பான். எல்லாப் படகுலயும் மீட்புப் படகுன்னு எழுதி ஒட்டிருவானுவ. அதோட..." அவர் நிறுத்தினார். "அதோட, வாக்கியம் அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு. கெடுக்க மனசு வரல."

வெளியே எதுவோ தகரம் பிய்த்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம் போயிருந்தது.

"ஒருத்தருக்கும் நான் வாசிச்சுக் காட்டல," என்றார் அமலோற்பவம் தனக்குத்தானே. "பதினோரு வருசம். ஒரு நாளாவது எழுதி முடிச்சதக் கொண்டுபோயி வாசிச்சிருந்தா நீ மறுபடி கேட்டிருப்பல்லா?"

"கேட்டிருப்பேன்."

அமலோற்பவம் எழுத ஆரம்பித்தார். முதல் பத்திக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை: 'உயிர் காக்கச் செல்லும் மீட்புப் படகைக் காற்றுச் சட்டம் தடுக்காது.' எழுதிவிட்டுக் கையை எடுப்பார் என்று ஞானப்பூ வாசல் பக்கம் திரும்பினாள். ஆனால் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. முத்திரை வைங்கக்கா என்று அவள் தவித்தாள். இரு என்று இடது கையைக் காட்டிவிட்டு இரண்டாவது பத்தியையும் எழுதி முடித்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, எழுதியதை உரக்க வாசித்தார். கேட்க இருந்தது ஒரே ஒரு ஆள்.

"அடுத்த பக்கம் முதல், மன்றத்தில் முழு வாசகத்தையும் எழுதி உரக்க வாசிக்கும் முன் இட்ட கையெழுத்து செல்லாது. அவ்வாறு வாசிக்காமல் சட்டம் எழுதுபவர், இப்பக்கத்தை எழுதியவர் உட்பட, இனி மன்றத்தின் பேனாவைத் தொடக் கூடாது."

"அக்கா, இது எதுக்கு இப்ப?"

"எனக்கு இன்னைக்கு இருக்குற பயம் நாளைக்கு இருக்காது. சூசை திரும்பி வந்துட்டா எனக்கு நானே நியாயம் சொல்லிக்கிடுவேன். அதுக்கு முன்னால எழுதிரணும்."

இந்தச் சட்டம் எழுதுபவர் மீதே பாயும், முத்திரை வைக்கலாமா என்று மணியம் கேட்டது. வைக்கலாம் என்று சொல்லிப் பெருவிரலை அழுத்தினார். கீழே படகுத்துறையில் என்ஜின் உறுமும் சத்தம் கேட்டது. ஞானப்பூ அதற்குள் படியில் பாதி தூரம் இறங்கிவிட்டாள். அமலோற்பவம் பேனாவைக் காகிதத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். மை வரவில்லை. மூடியைப் போட்டு அதன் பெட்டிக்குள் வைத்தார்.

ஒரு மணி நேரம் அவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு படகுத்துறைத் தூணைக் கட்டிப்பிடித்து நின்றார். நனைந்தது தெரியவில்லை. மீட்புப் படகு வந்து மோதுவது போல் நின்றபோது, அதில் நான்கு தலைகளை எண்ணினார். சூசையின் படகு சுவரில் மோதிச் சுக்குநூறாகிவிட்டது. கயிறு அறுத்த உள்ளங்கையோடு சூசை ஏறி வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, எனக்காவ சட்டத்த மாத்துனியா என்று முறைத்தான். அவனுக்கும் அந்த ரத்தம்தானே. மூணு பேருக்காவ என்று அவர் சொல்லிவிட்டு, அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டு, அப்புறம் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

அடுத்த ஞாயிறு வலைக்கூடத்தில் இடமில்லை. அமலோற்பவம் எழுந்து நின்று நடந்ததையெல்லாம் சொன்னார். ஞானப்பூ கேட்டது காதில் விழுந்ததையும் சொன்னார், விட்டதற்குக் காரணத்தையும் மறைக்கவில்லை. ஊர் கல்லெடுக்கும் என்று எதிர்பார்த்தார். ஊரோ உச்சுக்கொட்டியது. இதுக்குப் போயா இவ்வளவு, உயிரைக் காப்பாத்தத்தானே செஞ்சிய என்றார்கள். மன்றத் தலைவர் இக்னாசி, பேனாவை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வழக்கம் போலப் புத்தகம் வரிசையாகச் சுற்றியது. நானூற்றுப் பதினேழு கையெழுத்து. மேடையின் சரித்திரத்திலேயே அவ்வளவு விழுந்ததில்லை. அமலோற்பவத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

இக்னாசி புத்தகத்தை மணியத்தின் கேமராக் கண் முன் காட்டினார்.

"பக்கத்தில் வாசகம் இல்லை," என்றது மணியம். "கையெழுத்துகள் செல்லாது."

நானூற்றுப் பதினேழு பேரும் பாசத்தில் செய்தது, எப்போதும் செய்கிற அதே காரியம்தான். அமலோற்பவத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் உடம்பெல்லாம் சூடாக ஒரு பெருமிதம் ஏறியது. அந்தக் காற்றுக்கு நடுவே அவசர அவசரமாக எழுதிய வாக்கியம். ஊரே திரண்டு வந்து தள்ளியும் அசையவில்லை.

வேறு வழியில்லாமல் இக்னாசி உட்கார்ந்து வேர்க்க விறுவிறுக்க எழுதினார். பிறகு எழுந்து வாசித்தார்: "அமலோற்பவம் அம்மாளுக்குப் பேனா திருப்பித் தரப்படும். அவர் எழுதுவதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது."

மரியாதைக்காகத்தான் அந்த இரண்டாவது வரியைச் சேர்த்தார் மனுஷன். ஆனால் எழுதி முடித்த வாக்கியத்தை ஊர் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. நடுவரிசையில், கருவாடு போடும் தொம்மையம்மாள் எழுந்தாள். சூசையின் படகில் இருந்த எமிலின் தாய் அவள்.

"அக்கா மேல எனக்கு உசுரு. எம்மவன மீட்டுக் குடுத்தாவ. ஆனா யாரும் கேள்வி கேக்கப்புடாதுன்னா, பூவு அன்னைக்குக் கேட்டதும் தப்புன்னுல்லா ஆவுது? இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

பிறகு பார்க்க வேண்டுமே. ஒருவர் முதல் வரி மட்டும் போதும் என்றார். ஒருவர், முதல் வரியைப் போட்டால் வியாழக்கிழமை எழுதிய சட்டத்துக்கு அர்த்தமே இல்லையே, நாலு நாளில் அதை உடைத்தால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்றார். அது வியாழன் இல்லை, புதன் என்று இன்னொருவர் திருத்தினார். கத்தல் எப்போதும் போலத்தான், ஆனால் இந்தத் தடவை எல்லாரும் கண்முன் இருந்த ஒரே வாக்கியத்தைப் பிடித்துக் கத்தினார்கள். கடைசியில் புத்தகம் சுற்றி வந்தபோது இருநூற்றுப் பதினான்கு கையெழுத்துதான் விழுந்திருந்தது. தீர்மானம் தோற்றுவிட்டது.

அமலோற்பவத்துக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வலித்தது. பதினோரு வருடம் சுமந்த பேனா. ஆனால் தொம்மையம்மாள் கையைக் கட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, இவர்கள் என் ஆட்கள் என்று நெஞ்சு விம்மியது. அம்மையார் சொன்ன அந்தக் கூடிப் பேசும் அவை இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தார்.

இனி ஆளுக்கு ஒரு மாதம் எழுதுவது என்று முடிவாயிற்று. சீட்டுக் குலுக்கியதில் முதல் மாதம் ஞானப்பூவுக்கு விழுந்தது. பாதியில் நின்ற குழாய் நேரச் சட்டத்தை அவள் எழுதி வாசித்தாள். புத்தகம் சுற்ற ஆரம்பித்தது. தம்மிடம் வந்ததும் அமலோற்பவம் எல்லாரையும் போலக் கையெழுத்துப் போடக் குனிந்தார். மை வரவில்லை.

"இவர் மன்றத்தின் பேனாவைத் தொடக் கூடாது," என்றது மணியம்.

எழுதுவதற்கும் அதே பேனா, கையெழுத்துக்கும் அதே பேனா. எழுத்தர் வேலையைத் துறப்பதாக நினைத்துக்கொண்டு தம் ஓட்டையே துறந்திருக்கிறார் மகராசி. இதை அவர் யோசிக்கவே இல்லை. இரண்டு கோடு போட்ட அந்த 'முயன்றால் முடியும்' ஞாபகத்துக்கு வந்தது. இங்கிலீஷ்காரன் கெட்டிக்காரன்தான் என்று வாய்விட்டுச் சிரித்தார். யாருக்கும் காரணம் புரியவில்லை.

என்ன செய்யலாம் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஞானப்பூ குழாய்ப் பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, புதுப் பக்கத்தில் எழுதி வாசித்தாள்: "அமலோற்பவம் அம்மாள் சட்டம் எழுதக் கூடாது, கையெழுத்து இடலாம்." அக்காவுக்கு மட்டும்தானா, நாளைக்கு இதே குழியில் வேறு ஆள் விழுந்தால் என்ன செய்வது என்று சூசை கேட்டான். ஞானப்பூ அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். எவரும் என்று எழுதினால், ஓட்டில்லாமல் வேலைக்காக வந்து தங்கியிருப்பவனும் கையெழுத்துப் போடலாமா என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்கும் இடம் ஒதுக்கினாள். மூன்றாம் தடவை வாசித்தபோது அது இப்படி இருந்தது: "எழுதும் உரிமையை இழந்த எவருக்கும், மேடையில் ஓட்டுரிமை உள்ளவரை, கையெழுத்து இடும் உரிமை போகாது." வாக்கியம் அப்படியொன்றும் அழகாக இல்லை. இரண்டு இடத்தில் இடித்தது. அமலோற்பவமாக இருந்தால் 'எவருக்கும்' என்பதை முன்னால் கொண்டுபோயிருப்பார். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

நானூற்று அறுபத்து மூன்று கையெழுத்து. ஞானப்பூ பெருவிரலை வைத்தாள். இந்தத் தடவை மணியம் எந்தத் தடையும் சொல்லவில்லை.

பிறகு குழாய் நேரப் பக்கம் மறுபடி சுற்றியது. அமலோற்பவத்தின் மடியில் புத்தகத்தை வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தான் சூசை. ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். மை வந்தது. கழுத்து பழையபடி நிமிர்ந்தது. வரிசை எண் முந்நூற்று நாற்பத்தொன்று. வெயில் ஏறிவிட்டது, வீட்டில் உலை வைக்க வேண்டும், போட்டுட்டு வாங்கக்கா என்று பக்கத்திலிருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள். அமலோற்பவம் பேனாவைக் காகிதத்துக்கு மேலே அப்படியே பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினார்.

"இன்னொரு தடவ வாசி பூவு," என்றார். "ரெண்டாவது வரி எனக்குச் சரியாப் புரியல."

எழுந்து போகக் கிளம்பியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஞானப்பூ முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள்.